கார் கம்பெனிகள் கைகோத்தா ஜெயிக்குமா, உடையுமா? மூணு பேர் தொடங்கி ஒருத்தர் கைக்கு வந்த ஒரகடம் ஆலை – முழு விளக்கம்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அதே மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் போனால் காட்சியே வேற. கம்பெனி பஸ்கள், புது கார்களை அடுக்கிய நீளமான லாரிகள், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் யூனிஃபார்ம் கூட்டம் என இந்தியாவின் முக்கியமான கார் உற்பத்தி மையங்களில் ஒன்றாக இந்தப் பகுதி மாறி 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதில் ஒரகடத்தில் இருக்கும் ரெனால்ட்-நிசான் கூட்டு ஆலையில் 2025-ல் பெரிய மாற்றம் நடந்தது. தன்னிடம் இருந்த 51 சதவீதப் பங்கை ரெனால்ட்டிடம் கொடுத்துவிட்டு வெளியேறுவதாக நிசான் அறிவித்தது. ஆகஸ்ட் 2025-ல் கைமாற்றம் முடிந்து, ஆலை முழுசாக ரெனால்ட் வசம் போனது. இதற்குச் சில மாதங்கள் முன்புதான், ஹோண்டாவும் நிசானும் ஒன்றாக இணையப் போகின்றன என்று வந்த செய்தி, இரண்டே மாதத்தில் 'இணைப்பு ரத்து' என்று முடிந்தது.

பெரிய கார் கம்பெனிகள் ஏன் சேர்கின்றன? ஏன் பிரிகின்றன? சேர்ந்தால் ஜெயிக்குமா? ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கும், கார் வாங்கியவர்களுக்கும் இதனால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே பார்வையில்

• ஒரகடம் ஆலை 2007-ல் மஹிந்திரா, ரெனால்ட், நிசான் என மூன்று பேர் போட்ட திட்டம். 2008-ல் மஹிந்திரா விலகியது. 2025-ல் நிசானும் பங்கை விற்றது.
• ஹோண்டா – நிசான் இணைப்புப் பேச்சு 2024 டிசம்பர் 23-ல் அறிவிக்கப்பட்டு, 2025 பிப்ரவரி 13-ல் முறிந்தது. மொத்தம் 52 நாள்.
• ஜெயித்த உதாரணங்கள்: ஹூண்டாய் – கியா, டாடா – ஜாகுவார் லேண்ட் ரோவர்.
• தோற்ற உதாரணங்கள்: டெய்ம்லர் – கிரைஸ்லர், பிஎம்டபிள்யூ – ரோவர்.
• ஃபோர்டு – மஹிந்திரா கூட்டு நடக்காமல் போனது. அடுத்த ஒன்பது மாதத்தில் மறைமலை நகர் ஆலையை மூடும் அறிவிப்பு வந்தது.

முதல்ல வார்த்தைகளைப் புரிஞ்சுக்கலாம்

செய்திகளில் 'இணைப்பு', 'கூட்டணி', 'கையகப்படுத்தல்', 'கூட்டு நிறுவனம்' எல்லாம் ஒரே மாதிரி பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் நாலும் வேற வேற. நமக்குப் பழக்கமான அரசியலை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கூட்டணி: தேர்தல் கூட்டணி மாதிரி. கட்சி தனி, கொடி தனி, தலைவர் தனி. ஆனால் தொகுதியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ரெனால்ட் – நிசான் இந்த வகை. ஒருவர் பங்கு இன்னொருவரிடம் இருக்கும். ஆனால் இரண்டும் தனித்தனி கம்பெனி.

இணைப்பு: ஒரு கட்சி இன்னொரு கட்சியோடு கலந்து ஒரே கட்சி ஆவது. ஃபியட் கிரைஸ்லரும், பியூஜோவின் பிஎஸ்ஏ குழுமமும் சேர்ந்து 2021 ஜனவரியில் 'ஸ்டெல்லாண்டிஸ்' ஆனது இந்த வகை.

கையகப்படுத்தல்: ஒருவர் காசு கொடுத்து மற்றவரை வாங்குவது. 2008-ல் டாடா, ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியது இப்படித்தான்.

கூட்டு நிறுவனம்: இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவதாக ஒரு கம்பெனி தொடங்குவது. தாய்க் கம்பெனிகள் அப்படியே இருக்கும். ஒரகடம் ஆலை நடத்திய நிறுவனம் இந்த வகை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? கூட்டணியில் இருந்து விலகுவது ஓரளவு சுலபம். இணைப்பு ஆன பிறகு பிரிவது ரொம்ப கஷ்டம், செலவும் அதிகம்.

ஏன் சேரணும்னு நினைக்கிறாங்க?

கார் தொழிலில் பெரிய செலவு, முதல் கார் விற்பதற்கு முன்பே வந்துவிடும். ஒரு புது மாடலுக்கு அடித்தளம் (பிளாட்ஃபார்ம்) வடிவமைக்கணும், இன்ஜின் உருவாக்கணும், மோதல் சோதனை நடத்தணும், பாகங்களுக்கு அச்சு (டை) செய்யணும். இதற்கெல்லாம் பல நூறு கோடி, சில நேரம் ஆயிரக்கணக்கான கோடி ஆகும். அந்தச் செலவை ஒரு லட்சம் கார் மேல் போட்டால் ஒரு காருக்கு வரும் சுமை அதிகம். பத்து லட்சம் கார் மேல் போட்டால் சுமை குறைவு. இதுதான் அடிப்படைக் கணக்கு.

இந்தக் கணக்கு ஒரகடத்தில் எப்படி வேலை செய்தது? நிசான் மேக்னைட், ரெனால்ட் கைகர் இரண்டையும் பாருங்க. முகம் வேற, லோகோ வேற. ஆனால் அடியில் இருக்கும் பிளாட்ஃபார்ம் ஒன்றுதான். இரண்டும் ஒரே ஆலையில் தயாரானவை. இதற்கு முன்னால் மைக்ரா – பல்ஸ், சன்னி – ஸ்காலா, டஸ்டர் – டெரானோ என்று வந்த ஜோடிகளும் இப்படித்தான்.

இப்போது இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்று, மின்சார கார். பேட்டரி, மோட்டார், மென்பொருள் என எல்லாவற்றுக்கும் புதுசாக முதலீடு தேவை. இன்னொன்று, சீனாவின் பிஒய்டி போன்ற கம்பெனிகள். குறைந்த விலையில், வேகமாகப் புது மாடல் இறக்குகிறார்கள். தனியாகச் சமாளிக்க முடியாது என்று நினைக்கும் கம்பெனிகள் துணை தேடுகின்றன.

ஒரகடம் ஆலை: மூணு, ரெண்டு, ஒண்ணு

2007: தமிழ்நாடு அரசுடன் மஹிந்திரா, ரெனால்ட், நிசான் மூன்றும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. ஒரகடத்தில் ஆண்டுக்கு 4 லட்சம் கார் வரை தயாரிக்கும் ஆலை கட்டுவது திட்டம்.

2008: மஹிந்திரா விலகியது. ரெனால்ட்டும் நிசானும் மட்டும் தொடர்ந்தன. மஹிந்திராவும் ரெனால்ட்டும் சேர்ந்து விற்ற 'லோகன்' கார் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. 2010-ல் அந்தக் கூட்டும் முடிந்தது. அந்தக் காரை மஹிந்திரா பிறகு 'வெரிட்டோ' என்று பெயர் மாற்றி விற்றது.

2010: மார்ச் மாதம் ஒரகடம் ஆலை திறக்கப்பட்டது. முதலீடு சுமார் 4,500 கோடி ரூபாய். முதலில் வந்தது நிசான் மைக்ரா. இங்கே தயாரான கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின.

2023: பிப்ரவரியில் சென்னையில் புது அறிவிப்பு. 5,300 கோடி ரூபாய் முதலீடு, ஆறு புது மாடல்கள், அதில் இரண்டு மின்சார கார்கள் என்றார்கள். நிசானுக்கு 70, ரெனால்ட்டுக்கு 30 என்று இருந்த பங்கு 51 – 49 என்று மாறும் என்றும் அறிவித்தார்கள்.

2025: மார்ச் 31-ல் நிசான் தன் 51 சதவீதத்தையும் ரெனால்ட்டுக்கு விற்கும் அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் முடிந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஆலை மூடப்படவில்லை. நிசானும் இந்தியாவை விட்டுப் போகவில்லை. நிசான் கார்களை ரெனால்ட் தொடர்ந்து தயாரித்துக் கொடுக்கும் என்பது ஒப்பந்தம். சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். 'டெக்டான்' என்ற புது எஸ்யூவி இங்கேதான் தயாராகும் என்று நிசான் 2025 அக்டோபரில் அறிவித்தது.

சரி, ஆலைக்கு என்னதான் பிரச்சினை? கொள்ளளவுதான். 4 லட்சத்துக்கு மேல் கார் தயாரிக்கும் வசதி இருந்தும், பாதி கூட நிரம்பாத ஆண்டுகள் உண்டு. ஆலை காலியாக இருந்தாலும் கட்டடம், இயந்திரம், மின்சாரம், வட்டிச் செலவு குறையாது. இரண்டு முதலாளிகள் இருந்தும், உள்நாட்டுச் சந்தையில் இருவருமே பெரிய அளவில் விற்கவில்லை. பிளாட்ஃபார்மைப் பகிர்ந்ததில் செலவு மிச்சமானது உண்மை. ஆனால் வாங்குபவர் வரவில்லை என்றால் மிச்சப்படுத்தி என்ன பயன்?

ரெனால்ட் – நிசான்: ஜெயிச்சதா, தோத்ததா?

இதற்கு 'ரெண்டும்தான்' என்பதுதான் சரியான பதில்.

1999-ல் நிசான் கடனில் மூழ்கிக் கிடந்தது. கடன் சுமார் 2 லட்சம் கோடி யென். அப்போது ரெனால்ட் சுமார் 540 கோடி டாலர் போட்டு 36.8 சதவீதப் பங்கை வாங்கியது. கார்லோஸ் கோன் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். அவர் ஐந்து ஆலைகளை மூடினார், 21,000 வேலைகளைக் குறைத்தார், பாகங்கள் வாங்கும் செலவைக் கடுமையாக வெட்டினார். அடுத்த நிதியாண்டிலேயே நிசான் லாபத்துக்குத் திரும்பியது. கம்பெனி பிழைத்தது என்ற அளவில் இது பெரிய வெற்றி. அதற்கான விலையைக் கொடுத்தது வேலை இழந்தவர்கள்.

2016-ல் மிட்சுபிஷியின் 34 சதவீதப் பங்கை நிசான் வாங்கியது. கூட்டணி மூன்று கம்பெனி ஆனது. விற்பனை எண்ணிக்கையில் உலகின் முதல் வரிசைக்கே வந்தார்கள்.

ஆனால் உள்ளுக்குள் புகைச்சல் இருந்துகொண்டே இருந்தது. ரெனால்ட்டிடம் நிசானின் 43 சதவீதம் இருந்தது, ஓட்டுரிமையும் இருந்தது. நிசானிடம் ரெனால்ட்டின் 15 சதவீதம் மட்டும், அதுவும் ஓட்டுரிமை இல்லாமல். இத்தனைக்கும் நிசான் அதிக கார் விற்ற கம்பெனி. 'நாங்க சம்பாதிக்கிறோம், முடிவு பாரிஸில் எடுக்கிறாங்க' என்ற எண்ணம் ஜப்பான் தரப்பில் வளர்ந்தது. ரெனால்ட்டில் பிரான்ஸ் அரசுக்கும் பங்கு உண்டு என்பதால் இது இன்னும் சிக்கலானது.

2018 நவம்பர் 19-ல் கோன் டோக்கியோவில் கைது செய்யப்பட்டார். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்து வருகிறார். 2019 டிசம்பர் கடைசியில் ஜாமீனில் இருந்தபோதே, ஒரு பெட்டிக்குள் ஒளிந்து ஜப்பானை விட்டுத் தப்பி லெபனான் போய்ச் சேர்ந்தார். இரண்டு கம்பெனிகளையும் பிடித்து வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் போனதும் கூட்டணி தளர ஆரம்பித்தது.

2023 நவம்பரில் இரண்டு பக்கமும் 15 – 15 சதவீதம் ஓட்டுரிமை என்று சமமாக்கினார்கள். ஆனால் அதற்குள் நிசானின் நிலைமை மோசமாகிவிட்டது. 2024-25 நிதியாண்டில் நிசானுக்கு 67,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம். 20,000 வேலைகளைக் குறைப்பது, 17 ஆலைகளை 10 ஆக்குவது என்று 2025 மே மாதம் திட்டம் அறிவித்தார்கள். நிசான் பங்குகளின் மதிப்பு சரிந்ததால் ரெனால்ட்டும் 2025-ல் 900 கோடி யூரோவுக்கு மேல் நஷ்டக் கணக்கு எழுத வேண்டி வந்தது.

ஒரகடத்துப் பங்கு விற்பனை இந்தப் பெரிய கதையின் ஒரு பகுதி. இங்கே வேலை பார்த்தவர்கள் சரியாக வேலை செய்யவில்லை என்பதால் நடந்தது கிடையாது. யோகோஹாமாவில் கணக்கு இடித்தது, ஒரகடத்தில் பங்கு கைமாறியது.

ஹோண்டா – நிசான்: 52 நாளில் முடிஞ்ச கதை

2024 டிசம்பர் 23. ஹோண்டாவும் நிசானும் ஒரே தாய்க் கம்பெனியின் கீழ் வரப் போவதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. நடந்திருந்தால் விற்பனையில் உலகின் மூன்றாவது பெரிய கார் குழுமம் ஆகியிருக்கும். 2026 ஆகஸ்டுக்குள் முடிப்பது திட்டம்.

2025 பிப்ரவரி 13-ல் பேச்சு முறிந்ததாக அறிவித்தார்கள். காரணம்? முதலில் பேசியது, இருவரும் ஒரு புதிய தாய்க் கம்பெனியின் கீழ் அருகருகே இருப்பது. பிறகு ஹோண்டா, 'நிசான் எங்கள் துணை நிறுவனமாக வரட்டும்' என்று கேட்டது. முடிவுகள் வேகமாக எடுக்க அது தேவை என்பது ஹோண்டாவின் வாதம். நிசான் ஏற்கவில்லை. அந்த வருஷம் ஏப்ரலில் நிசானின் தலைமைச் செயல் அதிகாரி மகோடோ உச்சிடா மாற்றப்பட்டு, இவான் எஸ்பினோசா வந்தார்.

யார் பெரியவர் என்ற கேள்விக்கு ஆரம்பத்திலேயே பதில் இல்லை என்றால், கல்யாணம் நிச்சயதார்த்தத்தோடு நின்றுவிடும். இது நின்றது நல்லதா கெட்டதா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. இணைந்த பிறகு உடைவதைவிட இது செலவு குறைவு என்பது மட்டும் நிச்சயம்.

ஜெயிச்சவங்க எப்படி ஜெயிச்சாங்க?

ஹூண்டாய் – கியா

இதற்கும் காஞ்சிபுரத்துக்கும் தொடர்பு உண்டு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து முதல் சான்ட்ரோ வந்தது. அதே வருஷம்தான் கொரியாவில், ஆசிய நிதி நெருக்கடியில் திவாலான கியாவின் 51 சதவீதப் பங்கை ஹூண்டாய் வாங்கியது. பின்னர் அந்தப் பங்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. ஆனால் கட்டுப்பாடு ஹூண்டாய் குழுமத்திடமே இருக்கிறது.

அவர்கள் செய்தது எளிமையான விஷயம். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இன்ஜின், பிளாட்ஃபார்ம், ஆராய்ச்சி எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். கண்ணுக்குத் தெரியும் டிசைன், ஷோரூம், விளம்பரம் எல்லாவற்றையும் தனித்தனியாக விட்டார்கள். 2006-ல் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் இருந்த வடிவமைப்பாளர் பீட்டர் ஷ்ரயரைக் கூட்டி வந்து கியாவுக்குத் தனி முகம் கொடுத்தார்கள். கிரெட்டாவும் செல்டோஸும் உறவுக்காரர்கள் என்று தெரிந்தும், இரண்டுக்கும் தனித்தனி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கியா 2019-ல் ஆந்திராவின் அனந்தபூர் பகுதியில் ஆலை திறந்தது. விற்பனையில் உலகின் மூன்றாவது பெரிய கார் குழுமமாக ஹூண்டாய் இருப்பதற்கு இந்த இணைப்பு ஒரு முக்கியக் காரணம்.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலை நெய்வதும் கிட்டத்தட்ட இதேதான். உடலும் பார்டரும் தனித்தனி நிறம். இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் இழையோடு இழை கோத்திருக்கும். சேரும் இடம் உறுதியாக இருந்தால் போதும், நிறம் ஒன்றாக இருக்கணும்னு அவசியம் இல்லை.

டாடா – ஜாகுவார் லேண்ட் ரோவர்

2008-ல் ஃபோர்டிடம் இருந்து டாடா இதை 230 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபோர்டு இந்த இரண்டு பிராண்டுகளையும் வாங்கியபோது கொடுத்தது இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வாங்கிய சில மாதங்களில் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. டாடா தப்பு பண்ணிவிட்டது என்றே பலர் எழுதினார்கள். ஆனால் டாடா இங்கிலாந்து டிசைன், இன்ஜினீயரிங் குழுக்களை அப்படியே விட்டது, புது மாடல்களுக்குப் பணம் போட்டது. சில ஆண்டுகளில் டாடா மோட்டார்ஸ் லாபத்தின் பெரும் பகுதி அங்கிருந்தே வந்தது. ஏற்ற இறக்கம் பிறகும் உண்டு. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே தயாராகும் என்பது திட்டம். பனப்பாக்கம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர்.

தோத்தவங்க எங்கே சறுக்கினாங்க?

டெய்ம்லர் – கிரைஸ்லர்

இணைப்பு தோற்றதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் இது. 1998-ல் மெர்சிடிஸ் பென்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் டெய்ம்லரும், அமெரிக்காவின் கிரைஸ்லரும் 'சமமானவர்களின் இணைப்பு' என்று சொல்லிச் சேர்ந்தன. மதிப்பு சுமார் 3,600 கோடி டாலர். 2000-ல் டெய்ம்லர் தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப், கிரைஸ்லரைத் தங்கள் ஒரு பிரிவாக வைக்கும் எண்ணம் ஆரம்பத்தில் இருந்தே இருந்தது என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். 'சமம்' என்ற பேச்சு அதோடு போச்சு.

வேலைக் கலாசாரம் வேற, சம்பள முறை வேற. மெர்சிடிஸ் பாகங்களை கிரைஸ்லரோடு பகிர்ந்தால் மெர்சிடிஸ் மதிப்பு குறையும் என்று ஜெர்மனி தரப்பு தயங்கியது. எதைப் பகிரச் சேர்ந்தார்களோ அதையே பகிரவில்லை. 2007-ல் கிரைஸ்லரின் 80.1 சதவீதத்தை 740 கோடி டாலர் ஒப்பந்தத்தில் செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் டெய்ம்லர் தள்ளிவிட்டது. 2009-ல் கிரைஸ்லர் திவால் நடவடிக்கைக்குப் போனது.

பிஎம்டபிள்யூ – ரோவர்

1994-ல் பிரிட்டனின் ரோவரை பிஎம்டபிள்யூ 80 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2000-ல் ரோவர் கார் பிரிவைப் பெயரளவில் வெறும் 10 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. லேண்ட் ரோவரை ஃபோர்டு வாங்கியது. அதுதான் பிறகு டாடாவிடம் வந்தது. மினி பிராண்டை மட்டும் பிஎம்டபிள்யூ வைத்துக்கொண்டது, அது நன்றாக ஓடியது.

ஸ்டெல்லாண்டிஸ்: தீர்ப்பு இன்னும் வரல

14 பிராண்டுகளோடு 2021-ல் தொடங்கிய ஸ்டெல்லாண்டிஸ், ஆரம்பத்தில் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது. 2023-ல் லாபம் 1,860 கோடி யூரோ. அடுத்த வருஷமே 550 கோடி யூரோவாகச் சரிந்தது. தலைமைச் செயல் அதிகாரி கார்லோஸ் தவாரெஸ் 2024 டிசம்பரில் பதவி விலகினார். செலவை வெட்டினால் முதல் சில வருஷம் லாபம் வரும். வெட்டிய இடத்தில் புது மாடல் முளைக்காவிட்டால் விற்பனை விழும். இந்தக் குழுமத்தின் சிட்ரோயன் கார்கள் தயாராவது திருவள்ளூர் ஆலையில். ஒரு காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி கார்களைத் தயாரித்த இடம் அது.

சேராமலே போனா? மறைமலை நகர் பாடம்

இணைப்பு தோற்றால் நஷ்டம் என்பது சரி. ஆனால் துணை கிடைக்காமல் போனாலும் நஷ்டம் வரலாம்.

2019 அக்டோபரில் ஃபோர்டும் மஹிந்திராவும் கூட்டு நிறுவனம் அறிவித்தன. மஹிந்திராவுக்கு 51 சதவீதம். ஃபோர்டின் இந்திய ஆலைகள் அந்தக் கூட்டு நிறுவனத்துக்குப் போகும் என்பது திட்டம். மறைமலை நகர் ஆலையும் அதில் ஒன்று. அப்போது மறைமலை நகர் காஞ்சிபுரம் மாவட்டம். அடுத்த மாதம் மாவட்டம் பிரிந்து செங்கல்பட்டு ஆனது. பிறகு கொரோனா வந்தது. 2020 டிசம்பர் 31-ல் திட்டம் கைவிடப்பட்டதாக இரு கம்பெனிகளும் அறிவித்தன.

2021 செப்டம்பர் 9-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு சொன்னது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் காட்டியது. சென்னையிலும் குஜராத்தின் சனந்திலும் சேர்த்து சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றது. தொழிலாளர்கள் போராடினார்கள், இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் நடந்தது. 2022 ஜூலையோடு கார் உற்பத்தி நின்றது. 2025 அக்டோபரில்தான் ஃபோர்டு, 3,250 கோடி ரூபாயில் இன்ஜின் உற்பத்திக்காக அந்த ஆலையை மீண்டும் இயக்குவதாகத் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் போட்டது. உற்பத்தி 2029-ல். வேலை 600 பேருக்கு மேல் என்கிறது அறிவிப்பு. மூடியபோது போன வேலைகளோடு ஒப்பிட்டால் இது சின்ன எண்ணிக்கைதான்.

தோற்பதற்கு அடிக்கடி வரும் 5 காரணங்கள்

1. யார் முடிவெடுப்பது என்று தெளிவு இல்லாதது. டெய்ம்லர் – கிரைஸ்லர், ஹோண்டா – நிசான் இரண்டிலும் இதுதான்.

2. இருவருக்கும் ஒரே பலவீனம் இருப்பது. விற்பனை குறைந்த இரண்டு கம்பெனி சேர்ந்தால் கூட்டுத்தொகைதான் பெருசாகும், பிரச்சினை தீராது.

3. நம்பிக்கைக் குறைவு. 2009-ல் சுசுகியின் 19.9 சதவீதத்தை ஃபோக்ஸ்வேகன் வாங்கியது. சுசுகி, ஃபியட்டிடம் டீசல் இன்ஜின் வாங்கியதில் சண்டை வெடித்தது. 2015-ல் நடுவர் தீர்ப்புக்குப் பிறகு சுசுகி பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

4. அரசுகள் உள்ளே வருவது. 2019-ல் ஃபியட் கிரைஸ்லர் – ரெனால்ட் இணைப்பு முன்மொழிவு, பிரான்ஸ் அரசின் நிலைப்பாட்டால் பத்தே நாளில் வாபஸ் ஆனது. ஆலையும் வேலையும் எந்த நாட்டில் போகும் என்பது எந்த அரசுக்கும் அரசியல் பிரச்சினை.

5. செலவை மட்டும் வெட்டுவது. புது மாடல் வராத பிராண்டை எந்த இணைப்பும் காப்பாற்றாது.

இதையெல்லாம் பார்த்துதான் இப்போது பல கம்பெனிகள் முழு இணைப்புக்குப் போகாமல், தேவையான இடத்தில் மட்டும் கைகோக்கின்றன. டொயோட்டாவும் மாருதி சுசுகியும் இப்படித்தான். பலேனோதான் பேட்ஜ் மாறி டொயோட்டா கிளான்சா ஆனது. சுசுகியின் கிராண்ட் விட்டாரா, கர்நாடகாவின் பிடதியில் இருக்கும் டொயோட்டா ஆலையில் தயாரானது. இரண்டு கம்பெனியும் தனித்தனியாகவே இருக்கின்றன.

தொழிலாளர்களுக்கு என்ன ஆகும்?

இதுதான் நம்ம ஊரில் முக்கியமான கேள்வி. கம்பெனியின் பங்கு கைமாறினால், வேலை கொடுத்த கம்பெனி சட்டப்படி அதேதான். அதனால் பணிக்காலம், சம்பள ஒப்பந்தம் எல்லாம் தொடரணும். ஒரகடத்தில் நடந்தது இந்த வகை. ஆலையையே வேறு கம்பெனிக்கு மாற்றினால் விஷயம் வேற. அப்போது பணித் தொடர்ச்சி காக்கப்படணும், சம்பளம் மற்றும் நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் இழப்பீடு கொடுக்கணும் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர்களுக்குத்தான் முழுசாகக் கிடைக்கும். கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், பயிற்சியாளர்களுக்கு அப்படி இல்லை. உற்பத்தி குறைந்தால் முதலில் நிற்கச் சொல்வது அவர்களைத்தான். அடுத்து பாதிக்கப்படுவது சீட், வயரிங், கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக் பாகம் கொடுக்கும் வெண்டர் கம்பெனிகள். ஒரே கார் கம்பெனியை நம்பி ஷெட் போட்டு, லோன் வாங்கி மெஷின் இறக்கியவர்களுக்கு ஆபத்து அதிகம். அதற்கு அடுத்த வட்டத்தில் கம்பெனி பஸ் ஓட்டுபவர், மெஸ் நடத்துபவர், ரூம் வாடகைக்கு விடுபவர் எல்லாரும் வருகிறார்கள்.

உங்ககிட்ட அந்த கார் இருந்தா?

ஆலை உரிமை மாறுவதால் உங்கள் வாரன்டி ரத்தாகாது. நிசான் கார்களின் விற்பனை, சர்வீஸ் இரண்டையும் பார்ப்பது தனி நிறுவனம். அது தொடர்கிறது. ஃபோர்டு தயாரிப்பை நிறுத்திய பிறகும் சர்வீஸ், உதிரி பாகங்கள் கொடுப்பதாக அறிவித்தது. ஆனால் ஒரு பிராண்ட் சந்தையில் சுருங்கினால் சர்வீஸ் சென்டர் தூரமாகும், பழைய காரை விற்கும்போது விலை குறையும். புதுசாக வாங்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் ஊருக்கு அருகில் எத்தனை சர்வீஸ் சென்டர் இருக்கிறது, அடுத்த இரண்டு வருஷத்துக்கு அந்த பிராண்டில் புது மாடல் வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்த தடவை இணைப்பு செய்தி வந்தா இதைப் பாருங்க

• யாருக்கு எத்தனை சதவீதம்? ஓட்டுரிமை யாரிடம்?
• தலைமைச் செயல் அதிகாரி யார்? ஒருவரா, இருவரா?
• புது மாடல் அறிவிப்பு இருக்கா, இல்ல வெறும் 'செலவு மிச்சம்' மட்டும்தானா?
• நம்ம ஊர் ஆலைக்கு எந்த மாடல் ஒதுக்கியிருக்காங்க? ஏற்றுமதி உண்டா?
• ஆலையின் கொள்ளளவில் எவ்வளவு பயன்படுது?

கடைசி இரண்டும் தலைப்புச் செய்தியில் வராது, ஆனால் ஒரு ஆலையின் ஆயுளைச் சொல்வது அவைதான். ஒரகடத்துக்கும் அதே கணக்குதான். முதலாளி மூன்று பேரா, ஒருவரா என்பதைவிட, அசெம்பிளி லைனில் எத்தனை கார் ஓடுகிறது என்பதே அங்கே வேலை பார்க்கும் குடும்பங்களின் அடுத்த பத்து வருஷத்தை முடிவு செய்யும். டஸ்டர், டெக்டான் என்று வரிசையில் இருக்கும் புது எஸ்யூவிகளின் விற்பனை எண்ணிக்கையைத்தான் இனி கவனிக்கணும்.